ஒற்றைப்படை தம்பிக்கு

எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பட்டறை வாசலில் நின்று, எந்தப் பக்கம் இறக்கட்டும் என்று கேட்டார்கள். கேப்டன் அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்றுதான் படகுத்துறையிலிருந்து வழிநெடுக மண்டையைக் குடைந்துகொண்டு வந்திருந்தாள்.

பட்டறை என்பது பெரிய வார்த்தை. வீட்டுக்குப் பின்னால், சமையலறைச் சுவரை ஒட்டி, அப்பா போட்டுவிட்டுப் போன தகரக் கொட்டகை அது. அதன் நடுவில் இப்போது குறுக்கே இன்னொரு தகர வரிசை நின்றது. இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. இரண்டு பேருமே எஞ்சின் மெக்கானிக்குகள். ஒரே கூரை, ஒரே மின்சார மீட்டர், ஒருவர் தும்மினால் இன்னொருவருக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனால் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. சாப்பாடு மட்டும் பொது. அண்ணி ஒருத்திதான் சமைக்கிறாள் என்பதால் இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். உப்பு எதிராளியின் கைக்குப் பக்கத்திலேயே இருந்தாலும், அண்ணி அடுப்பை விட்டு வந்து எடுத்துக்கொடுத்தால்தான் உண்டு.

கேப்டன் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள். ஆற்றில் பயணிகள் படகு ஓட்டுகிறாள். கேப்டன் என்பது யாரோ ஒரு பயணி கிண்டலுக்கு வைத்த பெயர், இப்போது துறை அலுவலகத்திலேயே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அக்கரையில் மீன் அடைக்கும் ஆலை இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் முக்கால்வாசிப் பேர் இக்கரைக்காரர்கள். ஆலைக்கு வருஷாந்திர விடுமுறை விட்ட நேரத்தில், நல்லவேளையாக என்று சொல்வதா, கெட்டவேளையாக என்று சொல்வதா, நடு ஆற்றில் படகு எஞ்சின் சூடேறி, வெள்ளைப் புகையாகக் கக்கி நின்றுவிட்டது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தாள். துறை அதிகாரி தங்கமான மனிதர். தங்கமாகவே சொன்னார்: திங்கட்கிழமை காலை ஆலை திறக்கிறது, முதல் ஷிப்டுக்கு உன் படகு நிற்கவில்லையென்றால் இந்த வழியைப் புதுப் படகுக்காரனுக்குக் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. புதுப் படகுக்காரன் பக்கத்திலேயே நின்று ரொம்ப வருத்தமாகத் தலையாட்டினான்.

அன்று சனிக்கிழமை.

எஞ்சினை அண்ணனிடம் மட்டுமோ தம்பியிடம் மட்டுமோ கொடுத்துவிட்டுப் போக முடியாததற்குக் காரணம் பாசம் மட்டும் அல்ல, ஸ்பேனர். அதைச் சொல்ல வேண்டுமென்றால் சண்டையைச் சொல்ல வேண்டும்.

அண்ணனைப் பொறுத்தவரை கடையில் விற்கிற கருவியெல்லாம் பாதி வெந்த பண்டம். மீதியை அவர்தான் வேகவைப்பார். எதை வாங்கினாலும் இரண்டாவது நாள் அது கிரைண்டரில் ஏறியிருக்கும். ஒன்றைத் தேய்த்து ஒல்லியாக்குவார், ஒன்றைச் சுட வைத்து வளைப்பார், ஒன்றின் கைப்பிடியை வெட்டி இன்னொன்றின் தலையில் ஒட்டவைப்பார். சைக்கிள் கம்பி கார்புரேட்டர் துளையைக் குத்தும் ஊசியாகும். சமையலறை அடைப்பெடுக்கிற ரப்பர்க் கிண்ணம் வால்வு தேய்க்கும் குச்சியில் போய் உட்காரும். அண்ணி புதிதாகக் கரண்டி வாங்கினால் கொஞ்ச நாளைக்கு அதை ஒளித்துத்தான் வைப்பாள். அப்படியும் ஒரு தோசைத்திருப்பி காணாமல் போய், கேஸ்கட் சுரண்டியாகத் திரும்பி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சுரண்டியது.

தம்பி நேர்மாறு. வேலை முடிந்ததும் ஒவ்வொரு கருவியையும் துணியால் துடைத்து, பலகையில் அதனதன் ஆணியில் மாட்டி, மாட்டியது நேராக இருக்கிறதா என்று இரண்டடி பின்னால் போய் நின்று பார்க்கிற ஆள். அவன் ஆசை ஆசையாக ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர் வாங்கி வைத்திருந்தான். அவன் வெளியே போயிருந்த நேரத்தில் அண்ணனுக்கு அவசரமாக ஒரு ஆயில் சீல் வளையத்தைப் பிடுங்க வேண்டியிருந்தது. கை அரித்தது. ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சிவக்கக் காய்ச்சிக் கொக்கியாக வளைத்துவிட்டார். அருமையான கொக்கி. பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள்.

தம்பி பாராட்டவில்லை. கேட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னான். கேட்டால் கொடுத்திருப்பாயா என்றார் அண்ணன். கொடுத்திருப்பேன் என்றான் தம்பி. அந்த ஒரு வார்த்தை அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கொடுத்திருக்க மாட்டேன் என்று அவன் கத்தியிருந்தால் இவரும் நாலு கத்து கத்திவிட்டு மறுநாளே மறந்திருப்பார். கொடுத்திருப்பேன் என்பவனிடம் என்ன பேசுவது? பேசாமல் இருந்தார். அவன் அதை வீம்பு என்று எடுத்துக்கொண்டு அவனும் பேசாமல் இருந்தான். ஒரு வாரத்தில் பாகப்பிரிவினை வந்தது.

பிரித்துக் கொடுக்க இரண்டு பேரும் நம்பிய ஒரே ஆள் கேப்டன். அவளுக்கோ அன்று மூக்கின் மேல் கோபம், துறையில் படகு வேறு காத்துக்கொண்டிருந்தது. அப்பாவின் ஸ்பேனர்கள் எட்டாம் நம்பரிலிருந்து ஒன்றுவிடாமல் வரிசையாகத் துணியில் கிடந்தன. சீட்டுப் போடுகிற மாதிரி, இது உனக்கு, இது அவனுக்கு, இது உனக்கு, இது அவனுக்கு என்று படபடவென்று எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இரட்டைப்படை எல்லாம் அண்ணனுக்கு, ஒற்றைப்படை எல்லாம் தம்பிக்கு என்று ஆகிவிட்டதை அவர்கள் இரண்டு பேருமே அப்போது சொல்லவில்லை. யார் முதலில் சொல்வது என்ற பிரச்சினை.

அன்றிலிருந்து பத்தாம் நம்பர் போல்ட் உள்ள வண்டி அண்ணனிடம் போகும், பதினொன்று உள்ள வண்டி தம்பியிடம் போகும், இரண்டும் உள்ள வண்டிக்காரன் பாடு திண்டாட்டம். கடையில் ஒன்று வாங்கினால் தீர்ந்தது. வாங்கினால் பிரிவினை தப்பு என்று ஒப்புக்கொண்டதாகுமே. அண்ணன் பன்னிரண்டை அரத்தால் ராவிப் பதிமூன்றாக்கினார், அப்புறம் பன்னிரண்டு இல்லாமல் முழித்தார். கருவியில் கை வைப்பதே பாவம் என்ற தம்பியோ, பதிமூன்றின் வாய்க்குள் தகரத் துண்டைச் செருகிப் பன்னிரண்டைத் திருகினான். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும்.

கேப்டன் தகர வரிசையைப் பார்த்தாள். கீழே குனிந்து நடுவிலிருந்த இரண்டு தகரங்களின் கம்பிக்கட்டை அவிழ்த்தாள். சுமந்து நின்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சீக்கிரம் என்றார்கள். தகரங்களை இழுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, சரியாக அந்த இடைவெளியில், எஞ்சினின் முன்பாதி அண்ணன் பக்கமும் பின்பாதி தம்பி பக்கமும் இருக்கிற மாதிரி இறக்கச் சொன்னாள்.

"திங்கக்கிழமை காலையில இது ஓடணும். இல்லன்னா படகை வித்துட்டு இந்த வீட்லயே வந்து உக்காந்துக்குவேன். யார் பக்கம் சாப்பாடுன்னு நீங்களே பிரிச்சுக்குங்க."

சாப்பாடு என் பக்கம்தான் கேப்டன், பயப்படாதே என்று அண்ணி ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

வேலை நடந்த அழகைப் பார்க்க வேண்டும். கழற்றுகிறபோதே தெரிந்துவிட்டது: தண்ணீர்க் குழாயில் ரப்பர்த் துணுக்குகள் கிடந்தன; ஆற்றுத் தண்ணீரை இழுத்துத் தள்ளுகிற பம்புக்குள் ரப்பர்ச் சக்கரத்தின் இதழ்கள் பிய்ந்து, தண்ணீர் ஏறாமல், எஞ்சின் காய்ந்து, எஞ்சினின் மூடியான ஹெட்டுக்கு அடியிலிருக்கும் கேஸ்கட் தகடு எரிந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்தது தம்பி. ஆனால் எஞ்சினைப் பார்த்துச் சொன்னான். அண்ணனும் எஞ்சினைப் பார்த்தே, ஹெட்டும் லேசாகக் கோணியிருக்கும் என்றார். நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த கேப்டன், இருப்பவர்களிலேயே எஞ்சின்தான் கொடுத்து வைத்தது, எல்லோரும் அதனிடம் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பதினான்காம் நம்பர் நட்டுக்கு அண்ணன் கை நீளும், பதினேழுக்குத் தம்பி கை நீளும். ஒருவர் குனியும்போது இன்னொருவர் நிமிர்வார். ஒரு வார்த்தை இல்லை, கையோடு கை இடிபடவும் இல்லை. அப்பாவிடம் ஒன்றாக வேலை பழகிய கைகள், அவற்றுக்குச் சண்டை விவரம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில், பேசாமல் இருப்பதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அண்ணன் கனமான கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எட்டு வரைகிற மாதிரி தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினார். தம்பி டீசலைப் பீச்சுகிற நாஸிலைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடியும் கழுவினான். அண்ணி ரொட்டியும் முட்டையும் தட்டில் வைத்து அங்கேயே கொண்டுவந்தாள். எஞ்சின் மேலேயே தட்டை வைத்தாள். உப்பு எங்கே என்று அண்ணன் கேட்டார். நான் அடுப்பில் வேலையாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அன்று அண்ணன் உப்பில்லாமலே முட்டை தின்றார்.

தம்பி பக்கம் போய்க் கை கழுவும்போது கேப்டன் அவனுடைய கருவிப் பலகையைப் பார்த்தாள். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்பு மையில் வரைந்து வைத்திருந்தான். ஒற்றைப்படைகள் தங்கள் நிழலோடு தொங்கின. இரட்டைப்படைகளுக்கும் வரைந்திருந்தான், அவை வெறும் கோடாக இருந்தன. கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹெட் தயார், புதுக் கேஸ்கட் தயார், பம்புக்குப் புது ரப்பர்ச் சக்கரமும் தயார். பம்பைத்தான் கழற்ற முடியவில்லை. அதன் மூடி எஞ்சினைப் பார்த்து இருந்தது, ஆகவே பம்பையே வெளியே எடுக்க வேண்டும். மூன்று நட்டுகள். இரண்டு சுலபமாக வந்துவிட்டன. மூன்றாவது, பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே விரல் போகாத சந்தில், கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. பதிமூன்றாம் நம்பர் நட்டு.

அண்ணன் தன்னுடைய ராவிய பதிமூன்றை எடுத்தார். அது ஏற்கெனவே ஒல்லியாக இருந்தது, சந்துக்குள் போயிற்று. அழுத்தினார். க்ளிக் என்று வழுக்கியது. இன்னொரு தரம் அழுத்தினார், மறுபடியும் வழுக்கியது. வெளியே எடுத்துப் பார்த்தார். ராவி ராவி மெலிந்த வாய் விரிந்திருந்தது. கண்ணாடித் துண்டைச் சந்துக்குள் விட்டு டார்ச் அடித்தார்கள். நட்டின் ஒரு மூலை மழுங்கியிருந்தது.

இதெல்லாம் கேப்டனுக்கும் தெரியும். இன்னும் ஒருமுறை வழுக்கினால் நட்டு உருண்டையாகிவிடும். அப்புறம் உளியால் வெட்ட வேண்டும், வெட்டினால் அது மாட்டியிருக்கிற ஸ்டட் என்ற மரைக்கம்பியும் கூடவே ஒடியும், ஸ்டட் ஒடிந்தால் துளை போட்டு எடுக்க வேண்டும், அதற்குள் திங்கட்கிழமை வந்து போய்விடும், புதுப் படகுக்காரன் வருத்தமாகத் தலையாட்டிக்கொண்டே ஆட்களை ஏற்றுவான்.

மூன்று பேரும் எஞ்சினைப் பார்த்தார்கள். வேண்டியது என்ன என்று மூன்று பேருக்கும் தெரியும். யாரும் ராவாத, வாய் கெட்டியான, அசல் பதிமூன்று ஒன்று வேண்டும். அதன் தலையைச் சந்துக்குள் போகிற அளவு தேய்க்க வேண்டும், கழுத்தை வளைக்க வேண்டும். அசல் பதிமூன்று தம்பியின் பலகையில், அதன் ஆணியில், நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் அந்தத் திசையில் பார்க்கவே இல்லை. பட்டறையில் எத்தனையோ மூலைகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் பார்த்தார்.

தம்பி எழுந்து போனான். பதிமூன்றைக் கழற்றினான். பழக்கதோஷத்தில் துணியால் ஒரு தரம் துடைத்தான். பிறகு விறுவிறுவென்று தகரத்தின் இடைவெளி வழியாக இந்தப் பக்கம் வந்து, கிரைண்டரைப் போட்டு, ஸ்பேனரின் தலையை அதில் வைத்து அழுத்தினான்.

பொறி பறந்தது. கேப்டன் எழுந்து நின்றுவிட்டாள். ஜன்னலில் அண்ணியின் முகம் வந்தது. தம்பிக்கு இந்த வேலை பழக்கமில்லை. ஒரே இடத்தில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கல்லோடு மல்லுக்கட்டுகிறவன் மாதிரி அழுத்தினான். இரும்பு மஞ்சளானது. மஞ்சள் பழுப்பானது. ஓரத்தில் ஊதா தெரிய ஆரம்பித்தது. அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. உதட்டைக் கடித்தார். கையைப் பின்னால் கட்டினார். அவிழ்த்தார். அதற்கு மேல் மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்.

"டேய், தண்ணியில முக்குடா. நீலமாச்சுன்னா இரும்பு செத்துரும்டா."

கிரைண்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. தம்பி ஸ்பேனரைத் தண்ணீர் டப்பாவில் போட்டான், புஸ்ஸென்று ஆவி வந்தது. திரும்பிப் பார்த்தான். வருஷக்கணக்கில் காத்திருந்து வந்த முதல் வார்த்தை ஒரு திட்டு என்பதில் அவனுக்கு ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. ஆனாலும் உடனே இறங்கிவருவானா.

"தெரிஞ்சவங்க பண்ணலாம்ல. நானா பண்ணணும்னு ஆசைப்பட்டேன்?"

"உன் ஸ்பேனர்ல நான் எப்படிடா கை வைக்கிறது?"

"கேட்டுட்டு வைங்க."

எத்தனையோ துருப்பிடித்த நட்டுகளைக் கழற்றியவர் அண்ணன். இந்த ஒரு வாக்கியம் அசைவேனா என்றது. கேப்டன் குறுக்கே எதுவும் சொல்லிவிடக்கூடாது என்று தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டாள்.

"அதை எனக்குக் குடுக்கறியா?" என்றார் அண்ணன் கடைசியில். குரல் உள்ளே போயிருந்தது. "வெட்டணும், வளைக்கணும். திரும்பப் பழைய மாதிரி ஆகாது. சொல்லிட்டுத்தான் கேக்கறேன்."

"எடுத்துக்குங்கண்ணே."

அண்ணி ஜன்னலிலிருந்து மறைந்துவிட்டாள். உள்ளே பாத்திரம் ஒன்று விழுகிற சத்தமும், மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டன. வெங்காயம் நறுக்குகிறேன் என்று யாரும் கேட்காமலே அங்கிருந்து சொன்னாள்.

அதன் பிறகு அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. தம்பி காய்ச்சிய இடத்தைப் பார்த்தார், நிறம் ஓரத்தோடு நின்றிருந்தது, வாய் பிழைத்துவிட்டது. கல்லில் தொட்டும் தொடாமலும் வைத்தார், உடனே தண்ணீர், மறுபடியும் கல், மறுபடியும் தண்ணீர். தேய்ந்த பக்கத்தை விரலால் தடவி, போதும் என்று விரல் சொன்னதும் நிறுத்தினார். வாய்ப் பகுதியை ஈரத்துணியால் சுற்றித் தம்பியைப் பிடிக்கச் சொன்னார், அப்போதுதான் சூடு அங்கே ஏறாது. கழுத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி வளைத்தார். எவ்வளவு வளைக்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமை வந்தது. இன்னும் கொஞ்சம் என்றான் தம்பி. எனக்குத் தெரியும் என்றார் அண்ணன். சந்துக்குள் விட்டுப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் இருப்பதை நன்றாகத் தெரிகிற மாதிரி செய்தான்.

திருகுவது யார்? அண்ணன் கை பெரியது. தம்பிதான் திருகினான். அண்ணன் டார்ச் பிடித்தார். அழுத்து, மெதுவாக, இழுக்காதே தள்ளு என்று விடாமல் காதோரம் ஓதிக்கொண்டிருந்தார். நட்டு அசையவில்லை. பிறகு கிரீச்சென்று ஒரு சத்தம். மழுங்கிவிட்டது என்று நினைத்துக் கேப்டன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்துருச்சுக்கா," என்றான் தம்பி.

பொழுது சாய்வதற்குள் பம்பு, ஹெட், நாஸில் எல்லாம் ஏறிவிட்டன. ஒரு வாளித் தண்ணீரில் குழாயை விட்டு, கைப்பிடியைச் சுற்றினார் அண்ணன். இரண்டு தரம் இருமியது. மூன்றாவது தரம் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க அதிர்ந்தது, தளர்ந்து நின்ற தகரங்கள் கடகடவென்று ஆடின, பம்பு வாளித் தண்ணீரைக் குடித்து அண்ணியின் துவைத்த துணியெல்லாவற்றின் மேலும் துப்பியது. அண்ணி திட்டவில்லை. வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே ஆட்களைக் கூப்பிட்டு எஞ்சினைப் படகில் இறக்கிப் பூட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஆலைக்காரர்கள் சாப்பாட்டு டப்பாவும் கையுமாகத் துறையில் கூடியபோது படகு தயாராக நின்றது. துறை அதிகாரி தூரத்திலிருந்து கையை உயர்த்தினார். புதுப் படகுக்காரன் இப்போது சந்தோஷமாகத் தலையாட்ட முயன்றான், அது அவனுக்கு அவ்வளவாக வரவில்லை. தண்ணீரில் சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்று சொல்லி அண்ணனும் தம்பியும் ஏறிக்கொண்டார்கள். எஞ்சின் பெட்டிக்கு ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள்.

கரையை விட்டு நகர்ந்த உடனே அண்ணன் தலையைச் சாய்த்து, வால்வு இடைவெளி மயிரிழை கூட இருக்கிறது என்றார். அது வால்வு இல்லை, நாஸில் அடிக்கிற சத்தம், புதிதில் அப்படித்தான் இருக்கும் என்றான் தம்பி. நாஸில் சத்தம் எது, வால்வு சத்தம் எது என்று எனக்கே பாடம் எடுக்கிறாயா என்றார் அவர். யாராவது எடுக்கத்தானே வேண்டும் என்றான் இவன். அண்ணன் குரலை உயர்த்தினார். தம்பியும் உயர்த்தினான். விட்டுப்போன வருஷங்களுக்கெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர்கள் மாதிரி, ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பித்தார்கள். போன வருஷம் யாரோ ஒருவருடைய லாரியை நீ கெடுத்தாய், அதற்கு முந்தின வருஷம் யாருடைய டிராக்டரையோ நீங்கள் கெடுத்தீர்கள் என்று, தகரத்துக்குப் பின்னால் நடந்த ஒவ்வொன்றும் இரண்டு பேருக்கும் மனப்பாடமாக இருந்தது. ஆலைக்காரர்கள் அலுத்துக்கொண்டார்கள். காலை நேரத்தில் இது என்ன கேப்டன், இறக்கிவிடேன் என்று ஒரு அம்மாள் சொன்னாள். கேப்டனுக்கோ உச்சி குளிர்ந்தது. காற்றுக்குக் கண்ணில் நீர் வருகிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு சுக்கானைப் பிடித்திருந்தாள்.

அக்கரையில் எல்லோரும் இறங்கினார்கள். இவர்கள் இரண்டு பேரும் இறங்கவில்லை. கரை வந்ததையே கவனித்ததாகத் தெரியவில்லை. அங்கே ஏற ஆள் இல்லை. காத்திருந்தால் யாராவது வருவார்கள், வெறும் படகை ஓட்டினால் டீசல் நஷ்டம். ஆனாலும் அவள் கயிற்றை அவிழ்த்து, படகைத் திருப்பினாள். நடு ஆற்றுக்கு வந்ததும், எதற்காக என்று யோசிக்காமலே, வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். படகு தண்ணீரோடு தண்ணீராக மெல்ல ஊர்ந்தது.

இரண்டு பேரும் சட்டென்று நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் எஞ்சின் பெட்டியின் மேல் குனிந்து காது கொடுத்தார்கள்.

"ஏன்க்கா ஸ்பீடு கொறையுது?"

"எஞ்சின்ல ஒண்ணும் இல்லடா," என்றாள். "நீங்க பேசுங்க."